நுரையீரல் கீஹோல் அறுவையில் ரத்தத்துக்குள் காற்று புகுமா?

நீங்கள் எழுதியதன் சாரம் இது. அப்பாவுக்கு 61 வயது, ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை. வலது நுரையீரலின் மேல் மடலில் 14 மில்லிமீட்டர் கட்டி. சேலத்தில் கீஹோல் முறையில், அதாவது நெஞ்சை முழுதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியாக, எடுக்கப் போகிறார்கள். கட்டி சற்று ஆழத்தில் இருப்பதால் முதலில் சி.டி. ஸ்கேனில் பார்த்து ஊசி மூலம் அடையாளம் வைப்பார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது மயக்க மருந்து டாக்டர், "ரொம்ப அபூர்வமா ரத்தக்குழாய்க்குள்ள காத்து போயிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. கேட்டிருப்பவை மூன்று: இது நிஜமாகவே நடக்குமா, சேலத்திலேயே செய்யலாமா அல்லது கோவைக்கோ சென்னைக்கோ போக வேண்டுமா, அறுவை முடிந்து அப்பா மலையேறலாமா. எழுதாமல் விட்ட நான்காவது கேள்வி ஒன்றும் தெரிகிறது: இதைத் தடுக்க டாக்டர்கள் கையில் ஏதாவது இருக்கிறதா, அல்லது தலையெழுத்தா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி அவர்கள் கையில்தான் இருக்கிறது. இது எப்போது வேண்டுமானாலும் வந்து தாக்கும் விபத்து கிடையாது. அறுவையின் குறிப்பிட்ட சில நிமிடங்களில் மட்டும் வரக்கூடியது. அந்த நிமிடங்கள் எவை என்று தெரிந்த குழுவுக்கு அவற்றைக் கவனமாகக் கடக்கத் தெரியும்.

மருத்துவர்கள் இதை ஏர் எம்பாலிசம் என்பார்கள். கையிலோ கழுத்திலோ உள்ள ஒரு சிரைக்குள் காற்று புகுந்தால், அது இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படும். நுரையீரலின் நுண்குழாய்கள் ஒரு வடிகட்டி மாதிரி. சிறு குமிழிகள் அங்கே சிக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சோடு வெளியேறிவிடும். நுரையீரல் அறுவையில் சிக்கல் என்னவென்றால், டாக்டர் கை வைக்கும் இடமே வடிகட்டிக்கு அந்தப் பக்கம். நுரையீரல் சிரை சுத்தமான ரத்தத்தை நேராக இதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து இடது கீழறை, மகாதமனி. அதற்குள் காற்று புகுந்தால் நடுவில் தடுக்க எதுவுமில்லை. சில துடிப்புகளில் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரி குழாய்க்கோ மூளைக்கோ போய்ச் சேர்ந்துவிடும்.

அளவைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். சாதாரணச் சிரைக்குள் வேகமாகப் புகுந்து பெரியவர் ஒருவரின் உயிரைப் பறிக்க 200 முதல் 300 மில்லிலிட்டர் காற்று வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். கொரோனரி குழாய்க்கு அரை முதல் ஒரு மில்லிலிட்டர் போதும்; மூளைக்கு இரண்டு மூன்று மில்லிலிட்டர். இந்த எண்கள் விலங்குச் சோதனைகளிலிருந்தும் நடந்துவிட்ட விபத்துகளிலிருந்தும் கணித்தவை. அதனால் இதற்கு மேல் ஆபத்து, இதற்குக் கீழ் பத்திரம் என்று கோடு போட்டுவிட முடியாது. ஒரு பக்கம் நூற்றுக்கணக்கில், மறுபக்கம் ஒன்றிரண்டு என்ற விகிதத்தை மட்டும் மனதில் வையுங்கள். டாக்டர் இதைத் தனியாக எடுத்துச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

ட்ரிப்ஸ் குழாயில் குமிழி தெரிந்தால் ஆபத்தா என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருந்த சந்தேகத்தையும் இந்த இடத்தில் தீர்த்துவிடலாம். ட்ரிப்ஸ் குழாயில் தெரியும் குமிழி வேறு சங்கதி. அந்தக் குழாயின் உள்விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் காற்று நின்றாலும் மொத்தம் முக்கால் மில்லிலிட்டர்கூட வராது. அது கைச் சிரை வழியாகப் போய் வடிகட்டியில் நின்றுவிடும். ஆனாலும் நர்ஸ் குழாயைத் தட்டிக் காற்றை வெளியேற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. நாலு பேரில் ஒருவருக்கு, கருவில் இருக்கும்போது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருக்கும் சின்னத் திறப்பு முழுதாக மூடாமலே இருக்கும். அவர்களுக்குக் குமிழி வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே குமிழியைப் பார்த்தால் நர்ஸைக் கூப்பிடுங்கள், பதற வேண்டாம்.

காற்று சிரைக்குள் போக மூன்று விஷயங்கள் ஒன்றுகூட வேண்டும்: சிரையில் ஒரு திறப்பு, அதை ஒட்டிக் காற்று, அந்தக் காற்றின் அழுத்தம் சிரைக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட அதிகமாக இருப்பது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் காற்று உள்ளே போகாது. கத்தி பட்ட சிரையிலிருந்து வழக்கமாக ரத்தம் வெளியேதான் வரும், காற்று உள்ளே போவதில்லை, உள்ளழுத்தம் கூடுதல் என்பதால். இடது மேலறையின் அழுத்தம் சுமார் 6 முதல் 12 மில்லிமீட்டர் பாதரசம். நீர்மட்டக் கணக்கில் 8 முதல் 16 சென்டிமீட்டர். நுரையீரல் அறுவையில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள், அறுக்கும் பக்கம் மேலே. இதய மட்டத்தைவிட 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் சிரையில் அழுத்தமும் ஏறத்தாழ அந்த 10 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். பல மணி நேரம் வாயில் தண்ணீர் படாமல் வந்தவர், நுரையீரல் ஊறிப் போகக் கூடாது என்று சலைனையும் அளந்து கொடுக்கும் அறுவை. சிரைக்குள் மிஞ்சும் அழுத்தம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். அப்போது வெளிக்காற்று கொஞ்சம் தள்ளினாலே உள்ளே போய்விடும். கீழே சொல்லப் போகும் எல்லா இடங்களிலும் நடப்பது இந்தக் கணக்குதான்.

முதல் இடம் அறுவை மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது: ஸ்கேன் அறையில் அடையாள ஊசி போடும் நேரம். கொக்கி வைத்த மெல்லிய கம்பியையோ சாயத்தையோ கட்டியின் பக்கத்தில் வைக்க ஊசி நுரையீரலுக்குள் போகிறது. ஊசிமுனை சிரைக்குள் நிற்கும்போது, ஊசியின் துளையை அடைத்திருக்கும் உள்கம்பியை உருவினால், ஊசியின் பின்முனை அறைக் காற்றுக்குத் திறந்துவிடும். அந்த நொடியில் நோயாளி மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்கி, ஊசி வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். இன்னொரு வழி இருமல். ஊசி ஒரே பாதையில் காற்றறையையும் சிரையையும் துளைத்திருந்தால், இருமும்போது காற்றறையின் அழுத்தம் எகிறி, பக்கத்துச் சிரைக்குள் காற்றைத் தள்ளிவிடும். ஜப்பானில் 9,783 நுரையீரல் ஊசிப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில் 6 பேருக்கு ஏர் எம்பாலிசம் வந்திருந்தது. பதினாயிரத்தில் ஆறு பேர். அது கட்டியில் சதை எடுக்கும் ஊசிக்கான கணக்கு. அடையாள ஊசிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ள உதவும். தடுக்கும் வழிகள் எளியவை: உள்கம்பியை உருவியதும் ஊசியின் பின்முனையை விரலால் மூடுவது, அல்லது அங்கே ஒரு சொட்டு சலைன் நிற்க வைப்பது, நோயாளி மூச்சை நிறுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் மாற்றுவது, ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. அப்பாவின் பங்கும் இதில் இருக்கிறது. "மூச்சை நிறுத்துங்க" என்றால் உடனே நிறுத்திப் பழகியிருக்க வேண்டும். வீட்டில் பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று இப்போதிருந்தே பழகச் சொல்லுங்கள். அன்றைக்கு அவருக்கு இருமல் அதிகமாக இருந்தால் ஊசிக்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டவுடன் தலைவலி, ஒரு பக்கம் மரத்துப்போவது, கண் மங்குவது, நெஞ்சுவலி ஏதாவது வந்தால் எழுந்து உட்காரவே கூடாது. படுத்தபடியே சத்தமாகச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் குமிழி மேல்நோக்கி மூளைக்குப் போகும்.

இரண்டாவது இடம், சிரையைப் பிரித்தெடுக்கும் நேரம். கட்டியோடு சேர்த்து ஒரு மடலையோ அதன் ஒரு பகுதியையோ எடுத்தால், அதற்குப் போகும் தமனி, சிரை, மூச்சுக்குழல் கிளை மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து ஸ்டேப்ளரால் மூடி வெட்டுவார்கள். ஸ்டேப்ளர் ஒரே அமுக்கில் இருபுறமும் வரிசை வரிசையாகப் பின் அடித்து நடுவில் வெட்டும். சரியாக விழுந்தால் திறப்பு என்பதே இருக்காது. பிரிக்கும்போது சிரை கிழிந்தால் ரத்தப்போக்குதான் முதல் கவலை. ஆனால் நெஞ்சுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை அழுத்தத்தோடு ஏற்றியிருந்தால், அந்தக் கிழிசல் வழியாக வாயு உள்ளே போகவும் கூடும். ரோபோ முறையில் இடம் கிடைப்பதற்காக இந்த வாயுவை வழக்கமாக 5 முதல் 8 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் ஏற்றுவார்கள். சாதாரண கீஹோல் முறையில் பல டாக்டர்கள் வாயுவே ஏற்றுவதில்லை, துளை வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கும். ஏன் குறிப்பாக கார்பன் டை ஆக்சைடு? அது ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கு மேல் கரையக்கூடியது. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜன் கரையவே மறுக்கும். சிறு கார்பன் டை ஆக்சைடு குமிழி போகிற வழியிலேயே கரைந்துவிடும். காற்றுக் குமிழி போய் அடைத்துக்கொண்டு உட்காரும். பெரிய அளவில் போனால் கார்பன் டை ஆக்சைடும் ஆபத்துதான், கரைவதற்குள் இதயத்தின் அறையை நுரையால் நிரப்பிவிடும். அழுத்தத்தைக் குறைவாக வைப்பதும், ரத்தம் கசிந்ததும் வாயுவை நிறுத்துவதும் அதனால்தான்.

மூன்றாவது இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் நன்றாக முடிந்தது என்று அறையில் இருப்பவர்கள் இளகும் நேரம் அது. அறுவை முழுக்க நோயாளிக்கு ஒரு நுரையீரல்தான் மூச்சு விடும். இரட்டைக் குழல் கொண்ட டியூப் ஒன்றைத் தொண்டை வழியாக இறக்கி, அறுக்கும் பக்கத்தை அடைத்து, அந்த நுரையீரலைச் சுருங்க வைத்திருப்பார்கள். சுருங்கிக் கிடக்கும்வரை அதன் காற்றறைகளில் தள்ளும் அழுத்தம் கிடையாது. கட்டியை எடுத்த பிறகு, வெட்டிய பரப்பில் காற்றுக் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். நம்ம ஊர் சைக்கிள் கடையில் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி பஞ்சர் பார்ப்பதைப் போலவேதான். நெஞ்சுக்குள் வெதுவெதுப்பான சலைனை ஊற்றி, வெட்டிய பரப்பை அதில் மூழ்க வைத்து, மயக்க மருந்து டாக்டர் பையைக் கையால் மெல்ல அழுத்தி நுரையீரலை ஊதுவார். குமிழி வந்த இடத்தில் தையல். ஊதும் அழுத்தம் பொதுவாக 15 முதல் 20 சென்டிமீட்டர் நீர்மட்டம், சிலர் 30 வரைகூடப் போவார்கள். முன்னால் சொன்ன கணக்கை இப்போது பொருத்திப் பாருங்கள்: சிரையில் மிஞ்சியிருப்பது பூஜ்யத்துக்குப் பக்கம், காற்றறையில் 20. வெட்டிய பரப்பில் மூடாத ஒரு சின்ன மூச்சுக்கிளையும் அதை ஒட்டி மூடாத ஒரு சின்னச் சிரையும் இருந்தால், காற்று வெளியே வருவதற்குப் பதிலாக அந்தச் சிரையில் ஏறும். ஸ்டேப்ளரால் மூடிய பரப்பில் இது நடப்பது கஷ்டம்; மின்கத்தியால் பிரித்த, பச்சைப் புண் போன்ற பரப்பிலும், தையல் ஊசி ஆழமாகப் போன இடத்திலும் வாய்ப்பு கூடுதல். மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது எல்லை எது என்று கண்டுபிடிக்க நடுவிலேயே ஒருமுறை ஊதுவதும் உண்டு; அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இப்போது பலர் ஊதுவதற்குப் பதில் இன்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தைக் கைச் சிரையில் செலுத்தி, விசேஷக் கேமராவில் எல்லையைப் பார்க்கிறார்கள். இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் அது நல்ல மாற்றம்.

பாதுகாப்பான வழி என்ன? ஊதுவதற்கு முன் அறுவை டாக்டரும் மயக்க டாக்டரும் வாய்விட்டுப் பேசிக்கொள்வது: "இப்ப ஊதறேன், பத்து... பதினைந்து... இருபது." படிப்படியாக ஏற்றுவது, தேவைக்கு மேல் பிடித்து வைக்காமல் இறக்குவது, ரத்த அழுத்தம் தாழ்ந்து கிடக்கும்போது ஊதாமல் முதலில் அதைச் சரிசெய்வது. வெட்டிய பரப்பு சலைனில் மூழ்கியிருப்பதால் வெளிக்காற்றும் உள்ளே போகாது. இவ்வளவுதான். புது இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

கசிவை அடைக்கப் பசை தெளிப்பதிலும் ஒரு சிறு பொறி உண்டு. ஃபைப்ரின் பசையை வாயு அழுத்தத்தால் தெளிக்கும் கருவியைப் பரப்புக்கு மிக அருகில் வைத்து, கூடுதல் அழுத்தத்தில் அடித்தால் வாயு சிரைக்குள் போகலாம். உயிருக்கு ஆபத்தான நிகழ்வுகள் பதிவானதால் தூரத்துக்கும் அழுத்தத்துக்கும் எல்லை வைத்து எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். சொட்டாக விட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்டால், நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மிக அபூர்வம். கீஹோல் நுரையீரல் அறுவையில் நடந்தவை பெரும்பாலும் ஒவ்வொரு நோயாளியின் தனிக் குறிப்பாகத்தான் மருத்துவ இதழ்களில் வருகின்றன. அப்படி வருவதிலிருந்து சதவீதம் போட முடியாது. சின்னக் குமிழிகள் போய் எந்த அறிகுறியும் காட்டாமல் கரைந்தவற்றை யாரும் எண்ணியிருக்கவும் மாட்டார்கள். இவ்வளவு சதவீதம் என்று யாராவது தசமத்தோடு சொன்னால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். உங்கள் அப்பா வயதில் இந்த அறுவையில் நெஞ்சடைப்பு, நிமோனியா, தாறுமாறான இதயத் துடிப்பு, நாள்கணக்கில் நிற்காத காற்றுக் கசிவு இவையெல்லாம் இதைவிடப் பல மடங்கு சாதாரணமாக வருபவை. உங்கள் கவலையில் ஒரு பங்கை அவற்றுக்கும் ஒதுக்குங்கள்.

வந்துவிட்டால் எப்படித் தெரியும்? மயக்கத்தில் இருப்பவர் சொல்ல முடியாது, திரைதான் சொல்லும். சாதாரணச் சிரையில் பெரிதாகக் காற்று போனால், வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு அளவு சட்டென்று விழும். நுரையீரல் சிரை வழியாகப் போனால் அது முதலில் விழாமலும் இருக்கலாம். அங்கே முதல் அடையாளம் பெரும்பாலும் ஈசிஜியில். காற்று மேல்நோக்கிப் போகும் என்பதால், மல்லாந்து படுத்தவருக்கு வலது கொரோனரியின் வாய் மேற்புறம் இருந்து அதை வாங்கிக்கொள்ளும். ஈசிஜியில் இதயத்தின் கீழ்ச்சுவரைக் காட்டும் அலைகள் நிமிர்ந்து எழும், துடிப்பு மெதுவாகும், ரத்த அழுத்தம் சரியும். மாரடைப்பு போலவே இருக்கும். ஊதிய மறுநிமிடம் இப்படி நடந்தால் காற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உணவுக்குழாய் வழியாக இறக்கும் எக்கோ கருவி இருந்தால் இடது அறைகளில் குமிழிகள் பனித்துளி போல மினுக்குவது கண்ணுக்கே தெரியும். இருக்கும் கருவிகளில் மிக நுட்பமானது அதுதான். எல்லா அறுவைக்கும் அதை இறக்கி வைப்பதில்லை, வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

செய்யும் காரியங்கள் வரிசையாக, ஆனால் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்கும். ஊதுவதை உடனே நிறுத்தி அந்தப் பக்க நுரையீரலைக் காற்றுக்குத் திறந்து சுருங்க விடுவது. கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருந்தால் நிறுத்தித் துளைகளைத் திறப்பது. நெஞ்சைச் சலைனால் நிரப்புவது. சந்தேகமான சிரையைக் கிளாம்ப் போட்டுப் பிடிப்பது. 100 சதவீத ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்சைடு ஓடினால் அதை அணைப்பது. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம், நைட்ரஸ் ஆக்சைடு நைட்ரஜனைவிட ரத்தத்தில் முப்பது மடங்குக்கு மேல் கரையக்கூடியது. குமிழிக்குள் பாய்ந்து அதைப் பெரிதாக்கிவிடும். சுத்த ஆக்சிஜன் அதற்கு நேர் எதிர். குமிழியிலிருக்கும் நைட்ரஜனை ரத்தத்துக்கு இழுத்துச் சுருங்க வைக்கும். அட்ரினலின் கொடுத்து அழுத்தத்தை உயர்த்துவது இதயத்தைக் காப்பாற்ற மட்டுமல்ல, கொரோனரியில் மாட்டிய குமிழியை முன்னே தள்ளிவிடவும்தான். இதயம் நின்றால் மார்பை அழுத்தும் முதலுதவி. படுக்கையை எப்படி வைப்பது என்பதில் பழைய பழக்கமும் புதிய பழக்கமும் மோதும். இடப்பக்கம் ஒருக்களித்துத் தலையைத் தாழ்த்துவது 1947-ல் டூரான்ட் என்ற மருத்துவர் சொன்ன முறை. அது வலது இதயத்தில் மாட்டிய சிரைக் காற்றுக்கு. தமனிப் பக்கம் போன காற்றுக்குத் தலையைத் தாழ்த்துவதால் பலன் என்று நிரூபணமில்லை, மூளை வீக்கத்தைக் கூட்டும் என்ற பயமும் உண்டு. அதனால் மட்டமாகப் படுக்க வைப்பதே இன்றைக்குப் பெரும்பாலோர் சொல்வது.

மூளைக்குக் காற்று போயிருந்தால் ஹைப்பர்பாரிக் அறை சிகிச்சை உண்டு. மூடிய அறையில் சுமார் 2.8 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுப்பார்கள். அந்த அழுத்தத்தில் குமிழியின் பருமன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். 6 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது; தாமதமானாலும் பயன் கிடைத்தவர்கள் உண்டு. அறுவை எங்கே நடந்தாலும் "இப்படி ஒரு நிலை வந்தால் அந்த அறைக்கு எங்கே அனுப்புவீர்கள்?" என்று கேட்டு வைப்பதில் தவறில்லை.

சேலமா கோவையா என்ற கேள்விக்கு ஊர் பெயரை வைத்துப் பதில் சொல்ல மாட்டேன். கோவை சுமார் 160 கிலோமீட்டர், சென்னை அதைப் போல இரண்டு மடங்கு. தூரம் போனால் ஆபத்து தானாகக் குறையாது. சேலத்து டாக்டரிடமே நேராகக் கேளுங்கள், நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். இந்த அறுவையை வழக்கமாகச் செய்கிறீர்களா, எப்போதாவது ஒன்றா? இரட்டைக் குழல் டியூப் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பிராங்கோஸ்கோப்பில் (மூச்சுக்குழலுக்குள் பார்க்கும் கேமராக் குழாய்) பார்ப்பீர்களா? அடையாள ஊசி போட்ட பிறகு தியேட்டருக்கு வர எவ்வளவு நேரமாகும், அதுவரை யார் கூட இருப்பார்? ரத்த அழுத்தத்தைத் துடிப்புக்குத் துடிப்பு காட்டும் தமனி ஊசி வைப்பீர்களா? அவசரத்துக்கு நெஞ்சை முழுதாகத் திறக்கவும், இதய அறுவைக் குழுவைக் கூப்பிடவும் ஏற்பாடு உண்டா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் வந்தால் சேலத்திலேயே செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. பதில் சுற்றி வளைத்து வந்தால், எந்த ஊர் என்றாலும் இன்னொருவரைப் பாருங்கள். ஸ்கேனைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது முறையாகாது. கட்டி எவ்வளவு ஆழம், அடையாள ஊசி தேவையே இல்லாமல் விரலால் தொட்டு எடுக்க முடியுமா என்பதெல்லாம் அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

அறுவை முடிந்து வார்டுக்கு வந்ததும் அப்பாவின் நெஞ்சிலிருந்து ஒரு குழாய் தரையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு வரும். இருமும்போது அதில் குமிழி குமிழியாக வரும். அதைப் பார்த்து "ரத்தத்துல காத்து போயிடுச்சு" என்று பயப்பட வேண்டாம். நுரையீரலின் மேற்பரப்பிலிருந்து நெஞ்சறைக்குக் கசிந்த காற்று வெளியே போகிறது, போகத்தான் வேண்டும். பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்காதீர்கள், குழாயை மடக்காதீர்கள், நடக்கும்போது இடுப்புக்குக் கீழேயே பிடியுங்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: மயக்கம் தெளிய வேண்டிய நேரத்தில் தெளியாமல் இருப்பது, வலிப்பு, ஒரு கை கால் தூக்க முடியாமை, பேச்சுக் குழறல். தலை ஸ்கேனில் காற்று தெரியாவிட்டாலும் அது வரவில்லை என்று அர்த்தமில்லை, சீக்கிரமே கரைந்து மறைந்துவிடும். சில நாள் கழித்து வரும் பக்கவாதத்துக்குக் காரணம் காற்றாக இருக்காது, பெரும்பாலும் ரத்தக்கட்டியாக இருக்கும். கழுத்தில் பெரிய ட்ரிப்ஸ் ஊசி வைத்திருந்தால், அதை எடுக்கும்போது அப்பா மட்டமாகப் படுத்திருக்க வேண்டும். உட்கார வைத்து உருவினால் அந்தத் துளை வழியாகவே காற்று உறிஞ்சப்படும். உருவிய உடனே அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத பிளாஸ்டர் போட வேண்டும்.

இனி மலைக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டும்போது உப்பிப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடிக் கிடக்கும் எந்தக் காற்றும் இந்த ஏற்றத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பெருக்கும். நெஞ்சறையில் எடுக்காமல் விட்ட காற்றுப்பை இருந்தால் அதுவும் அப்படியே பெருக்கும். இதனால் ரத்தத்துக்குள் காற்று போகாது. வெட்டிய பரப்பு அதற்குள் மூடியிருக்கும். ஆனால் நுரையீரலை அழுத்தி மூச்சுத் திணறல் வரலாம். விமானப் பயணத்துக்கு வழக்கமாகச் சொல்வது, எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க விரிந்தது தெரிந்த பிறகு 7 நாள் என்று. விமானத்துக்குள் அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாகக்கூட இறங்கலாம், ஏற்காடு அதைவிட எளிது. இருந்தாலும் குழாய் எடுத்த பிறகு அந்த ஒரு வாரத்தையும் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டிலேயே கழிப்பது நல்லது. காரணம் அழுத்தம் மட்டுமல்ல, ராத்திரியில் ஏதாவது என்றால் மலையிறங்க ஆகும் ஒரு மணி நேரமும். மேலே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் சுமார் 15 சதவீதம் குறைவு. ஒரு மடல் எடுத்தவர் முதல் சில வாரம் எஸ்டேட் சரிவில் ஏறி இறங்கினால் சீக்கிரம் இளைக்கும். புறப்படும் நாள் காலையில் ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டு, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சேலத்தில் உட்கார்ந்த நிலையில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, ஏற்காடு போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி பாருங்கள். ஒன்றிரண்டு குறைவது உயரத்தால். 92-க்குக் கீழே நிலைத்து நின்றாலோ, அறுத்த பக்கம் திடீரென்று குத்தலோடு மூச்சு வாங்கினாலோ, கழுத்துத் தோலுக்கடியில் தொட்டால் மொறுமொறுவென்று இருந்தாலோ, காலைவரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அப்போதே கீழே இறங்கிவிடுங்கள். குழாய் இருந்த துளையில் போட்ட கட்டை டாக்டர் சொன்ன நாள்வரை நீங்களாகப் பிரிக்க வேண்டாம். அங்கே காற்று உஸ்ஸென்று போகும் சத்தம் கேட்டால் சுத்தமான துணியால் உள்ளங்கை வைத்து அழுத்தி, அவரை உட்கார வைத்தபடியே வண்டியில் ஏற்றுங்கள். அழுத்திய பிறகு மூச்சு அதிகம் திணறினால் கையைக் கொஞ்சம் தளர்த்தி, உள்ளே சேர்ந்த காற்றை வெளியே விடுங்கள்.